அறிவியலைச் செய்துபார்க்க வைப்பது எப்படி: ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஆறாம் வகுப்புக்கு ஊசல் சோதனை வைத்தேன். 42 பிள்ளைகள். நூல், கல், கடிகாரம் எல்லாம் மேசைமேல் தயாராக இருந்தன. அவற்றைக் கொடுத்து முடிப்பதற்குள் 20 நிமிடம் போய்விட்டது. ஒரு குழுகூட அளந்து முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டது. அதே மாதம், கைப்பணத்தில் வாங்கிய தராசின் பற்றுச்சீட்டும் திரும்பி வந்தது. அதில் கடை முத்திரை இல்லை.

பிள்ளைகளிடம் குறை எதுவும் இல்லை. ஏற்பாட்டில்தான் குறை. அந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ சேரும் உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அங்கே புத்தகம் வேறு, பதிவேடுகளின் பெயர் வேறு. வகுப்பறைக்குள் நடப்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேசையில் நீங்கள் செய்ய, பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் அது செய்துகாட்டல். கேள்வியும் பொருளும் அவர்கள் கையில் இருந்து, விடை மட்டும் யார் கையிலும் இல்லாமல் இருந்தால் அது செய்துபார்த்தல். முன்னதற்கு இந்த வழிகாட்டி தேவையில்லை.

1. பொருளுக்கு முன் கேள்வியைத் தேடுங்கள்

பெரும்பாலோர் கடைக்குப் போய்விட்டுத்தான் பாடத்தைத் திறக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பாடத்தை எடுத்து, அதிலிருந்து எண்ணாக விடை வரும் ஒரு கேள்வியை உருவாக்குங்கள். “உப்பு நீரில் கரையுமா?” என்று கேட்டால் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். “தேவனாம்பட்டினத்துக் கடல்நீர் 100 மில்லியில் எத்தனை கிராம் உப்பு இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் ஒரு கிராம் என்பான், இன்னொருத்தி ஐம்பது என்பாள். சண்டை தொடங்கிவிட்டால் பாடமும் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கடலோர ஊரில் இருப்பதால் நமக்குக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி ஆழ்துளைக் கிணற்று நீர், கெடிலத்தின் முகத்துவாரத்து நீர், கடல்நீர் மூன்றையும் ஒப்பிடலாம். புதுச்சேரியில் ஊசுடு ஏரி நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். பண்ருட்டிச் செம்மண்ணிலும் கடற்கரை மணலிலும் ஒரு குவளைத் தண்ணீர் இறங்க எத்தனை வினாடி ஆகும் என்று அளக்கலாம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அளக்க வேண்டும். இந்த விதிக்குள் அடங்காத கேள்வியை எட்டாம் வகுப்புக்குக் கீழே எடுத்துப் போகாதீர்கள்.

2. வீட்டில் மூன்று முறை நீங்களே செய்யுங்கள்

ஒருமுறை செய்தால் சோதனை நடக்கும் என்று தெரியும். மூன்று முறை செய்தால்தான் எங்கே தப்பும் என்று தெரியும். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறியுங்கள். உங்களுக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு பிள்ளைகளுக்கு ஆகும்.

கடல்நீர்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 20 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டில் 100 மில்லி ஊற்றினால் மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் நிற்கும். கோடை வெயிலில் காலையில் வைத்தால் பெரும்பாலும் மாலைக்குள் காய்ந்துவிடும். ஐப்பசியில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. எவர்சில்வர் தட்டு வேண்டாம், உப்பில் புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போகும்.

இதில் மூன்று பொறிகள் உண்டு, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன். முதலாவது, வெறுந்தட்டை எடைபோட மறப்பது. உப்பு காய்ந்த பிறகு நினைவு வந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் போயிற்று. வெறுந்தட்டின் எடையைத் தட்டின் அடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, சமையலறைத் தராசு. அது கிராமுக்குக் கீழே காட்டாது. நமக்கு வரப்போவது மூன்றரை கிராம்தான். நகைக்கடைகளில் பார்ப்பதுபோல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு தேவை. மூன்றாவது, புத்தக விடையை எதிர்பார்ப்பது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு, ஆகவே 100 மில்லிக்கு 3.5 கிராம். ஆனால் வெயிலில் காய்ந்த உப்பில் உள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். தராசு நான்கைத் தாண்டியும் காட்டலாம். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து கரையோரக் கடல் நீர்த்துப்போவதால் குறைவாகவும் வரலாம். இரண்டுமே தவறில்லை, இரண்டுமே அடுத்த கேள்விகள்.

3. காகித வேலையை முதலிலேயே முடியுங்கள்

சலிப்பான படிதான். ஆனாலும் பல நல்ல ஆசிரியர்கள் இங்கேதான் மனம் தளர்ந்து விடுகிறார்கள், அதனால் நீட்டியே சொல்கிறேன்.

பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி, 31 முதல் 100 மாணவர் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாயும் பள்ளி மானியம். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின்கட்டணம், சுண்ணாம்படிப்பு, பழுதுபார்ப்பு என்று மானியத்துக்குப் பல வாய்கள். ஆகவே “அறிவியல் பொருள் வாங்க வேண்டும்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொருள், எண்ணிக்கை, விலை, எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்ற நான்கும் உள்ள ஒரு பக்கப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டுத் தீர்மானப் பதிவேட்டில் ஏறட்டும். தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியில் பற்றுச்சீட்டு இருந்தால் தணிக்கையில் நிற்காது. முதலில் தீர்மானம், பிறகு கடை. மானியம் எப்போது கைக்கு வரும் என்பதை நம்பிப் பருவத்தைத் திட்டமிடவும் வேண்டாம்.

பற்றுச்சீட்டில் கடையின் பெயர், தேதி, வரிசை எண், முத்திரை, கையெழுத்து, பள்ளியின் பெயர் அனைத்தும் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் வாங்காதீர்கள். கடையை விட்டு இறங்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். குவளை உடைந்தால் உடைந்த தேதியையும் எழுதுங்கள். ஆண்டு இறுதியில் எட்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அனுமதி. பள்ளிக்கு வெளியே போவதென்றால் தலைமையாசிரியரின் எழுத்துமூல அனுமதியும் ஒவ்வொரு பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். உயர் அலுவலரின் அனுமதி தேவையா என்பதையும் தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்தனுப்புங்கள். புறப்படும் நேரம், திரும்பும் நேரம், உடன்வரும் ஆசிரியர்கள், தொலைபேசி எண், “பிள்ளைகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்” என்ற வரி, இவை அதில் கட்டாயம். கையெழுத்து வராத பிள்ளையை “பரவாயில்லை, வா” என்று அழைத்துப் போய்விடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆண்டில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகவே வேண்டாம். கடலை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து லிட்டர் கேன் போதும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் இன்னும் நல்லது. “அப்பா படகில் போகும்போது நடுக்கடல் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவருவாரா, கேட்டுப் பார்க்கிறாயா?” என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் சொன்னேன். மூன்றாம் நாள் அவன் அப்பாவே பாட்டிலோடு பள்ளிக்கு வந்தார். எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எவ்வளவு ஆழம் என்று பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் சொன்னார். எந்த விளக்கப்படமும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது.

4. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

40 பிள்ளைகள், எட்டுக் குழுக்கள் என்ற கணக்கில் எனக்கு ஆன செலவு 1,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தராசு ஒன்று 450. உருப்பெருக்கிக் கண்ணாடி எட்டு, ஒன்று 50 வீதம் 400. வெப்பமானி இரண்டு 240. பாதரசம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், உடைந்தால் பாதரசத்தைக் கூட்டி அள்ள முடியாது. 100 மில்லி பிளாஸ்டிக் அளவு ஜாடி இரண்டு 180. டார்ச் செல் பதினாறு, எல்.இ.டி. விளக்கு இருபது, ஒயர், நூல் எல்லாம் சேர்த்து 430. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு எட்டு, 80 ரூபாய். ஊசியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பள்ளிப் படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

குவளை, புனல், தட்டு எதற்கும் காசு வேண்டாம். தண்ணீர் பாட்டிலை நடுவில் வெட்டினால் மேல்பாதி புனல், கீழ்பாதி குவளை. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைப் பக்கம் ஒரே நடையில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய பொருள் மலிவுதான். ஆனால் பற்றுச்சீட்டு கிடைக்காது, அங்கே வாங்குவதைச் சொந்தக் கணக்கில் மட்டும் வாங்குங்கள்.

தமிழக அரசின் செய்முறை அறிவியல் திட்டமான வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் பொருள்களோடு வருகிறார்கள். உங்கள் பள்ளிக்கு எந்த நாள் என்று கேட்டு, அதே பாடத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டால் ஒரு செலவு மிச்சம், ஒரு துணைக்கையும் கிடைக்கும்.

5. குழு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்

ஆறாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும். பொருள் எடுப்பவர், அளப்பவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர், மற்ற குழுக்களிடம் போய் அவர்கள் எண்ணைக் கேட்டு வருபவர் என்று ஐந்து வேலைகள். ஒவ்வொரு வகுப்பிலும் வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பையன்கள் கையில் தராசும் ஒயரும் இருக்கும், “உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது” என்ற காரணத்துக்காகப் பெண்பிள்ளைகள் கையில் நோட்டு இருக்கும். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு செல்லைக்கூடத் தொடாமல் போகும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக் கூடாது. வேலை அட்டையைச் சுவரில் ஒட்டி, தேதி போட்டு மாற்றுங்கள்.

6. முதல் சோதனை ஊசலாக இருக்கட்டும்

செலவு இல்லை, ஆபத்து இல்லை, எல்லாப் பிள்ளையும் தவறாக ஊகிக்கும். “கனமான கல் வேகமாக ஆடுமா, லேசான கல்லா?” என்று கேளுங்கள். கனமானது என்றுதான் வகுப்பே சொல்லும். ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகே பொருள் கையில் போக வேண்டும், பின்னால் மாற்றிக்கொள்ள முடியாதபடி.

தலைமையாசிரியரிடம் கேட்டு வாரத்தில் ஒருநாள் இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: கேள்விக்கும் ஊகத்துக்கும் ஆறு, செய்வதற்குப் பதினெட்டு, எட்டுக் குழுவின் எண்களையும் கரும்பலகையில் ஏற்றிப் பேசப் பன்னிரண்டு, பொருளைத் திரும்ப வைக்க நான்கு. பொருள்கள் முதல்நாளே எட்டுப் பைகளில் கட்டித் தயாராக இருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லி முடிக்கும்வரை பையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உங்கள் குரல் அதற்குப் பிறகு யார் காதிலும் ஏறாது.

ஊசலின் நீளம் 25 செ.மீ. இருந்தால் பத்து அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) பத்து வினாடி, ஒரு மீட்டர் இருந்தால் இருபது வினாடி. இந்த எண்கள் உங்களுக்கு மட்டும். பிள்ளைகள் தவறும் இடங்கள் மூன்று. கல்லை விடும்போதே “ஒன்று” என்று எண்ணத் தொடங்கினால் ஒன்பது அலைவுதான் கிடைக்கும், “பூஜ்யம்” என்று சொல்லி விடச் சொல்லுங்கள். நீளத்தைக் கல்லின் நடுவரை அளக்க வேண்டும், முடிச்சுவரை இல்லை. எடையைக் கூட்டும்போது ஒரு கல்லின் கீழே இன்னொரு கல்லைக் கட்டினால் நீளமும் கூடிவிடும், எடைதான் காரணம் என்று வகுப்பு தவறாக முடிவுகட்டிவிடும். ஒரே அளவுள்ள சிறு டப்பாவில் ஒருமுறை பஞ்சும் ஒருமுறை மணலுமாக நிரப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

7. பிசகிய எண்ணை அழிக்காதீர்கள்

இரண்டாம் ஆண்டு அதே சோதனையில் ஏழு குழுக்களுக்குப் பத்து வினாடியை ஒட்டி வந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் 7.8. தவறாக எண்ணியிருப்பார்கள் என்று கரும்பலகையில் அதை அழிக்கக் கையைத் தூக்கினேன். அந்தக் குழுவில் எழுதும் பெண் எழுந்து, “டீச்சர், நாங்கள் மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அதேதான்” என்றாள். அழிக்கவில்லை. மறுநாள் அவர்களுடைய ஊசலை வகுப்பே அளந்தது. நீளம் 15 செ.மீ.தான் இருந்தது. அவர்கள் பையில் வைத்திருந்த தையல் டேப்பில் முதல் பத்து சென்டிமீட்டர் கிழிந்து போயிருந்தது. கொடுத்தவள் நான். அளவீடுகள் பாடத்தை நான் எத்தனை முறை நடத்தியிருந்தாலும் அன்று அவர்கள் புரிந்துகொண்ட அளவுக்குப் புரியவைத்திருக்க முடியாது.

ஆகவே “சரியா டீச்சர்?” என்று கேட்டால் சரி, தவறு இரண்டையும் சொல்லாதீர்கள். “மறுபடி செய்தால் அதே வருமா?” என்று திருப்பிக் கேளுங்கள். முதல் மாதம் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

8. இவற்றைத் தொடவே வேண்டாம்

சுவர் பிளக்கின் மின்சாரம் எந்த வகுப்புக்கும் கூடாது, செல் மட்டும்தான். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். அமிலம் காரம் பாடத்துக்கு எலுமிச்சைச் சாறு, சோப்புநீர், மஞ்சள் தடவிய தாள், செம்பருத்திச் சாறு போதும். சோப்புநீர் பட்டால் மஞ்சள் தாள் சிவக்கும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். சுட்ட சுண்ணாம்பைப் பிள்ளைகளைக் கொண்டு நீற்ற வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் வாய்க்கால் நீரைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

9. எந்த மாதத்தில் எதை வைப்பது

ஜூன், ஜூலையில் ஊசலும் கடல்நீரும். ஆகஸ்ட் 21ஐ ஒட்டிக் கடலூரிலும் புதுச்சேரியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரல் 21ஐ ஒட்டியும் அதே நிகழ்வு உண்டு, ஆனால் அது தேர்வும் விடுமுறையும் நெருக்கும் காலம். நேரம் சரியாக 12 மணி இல்லை. நம் ஊர் இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 12.10 தாண்டித்தான் நிழல் மறையும். 11.45க்கே பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வையுங்கள். குச்சி செங்குத்தா என்று நூலில் கல் கட்டிப் பாருங்கள். மேகம் மூடினால் முந்தைய நாளோ அடுத்த நாளோ செய்யலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெயிலை நம்பும் எதையும் வைக்காதீர்கள். பக்கம் நேராக உள்ள பாட்டிலால் மழைமானி செய்து தினமும் காலை அளக்கலாம். திடீர் விடுமுறை வந்தாலும் வீட்டிலிருந்தே தொடரக்கூடிய ஒரே சோதனை அது. பொங்கலுக்குப் பிறகு விதை முளைத்தல். பச்சைப்பயறு இரண்டு மூன்று நாளில் முளைவிடும். திங்களன்று தொடங்குங்கள். வெள்ளியன்று ஊறவைத்தால் சனி, ஞாயிறில் காய்ந்து போயிருக்கும். மார்ச்சில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

மாணவர்களின் புதிய அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளிக்கு ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வாகும் பிள்ளைக்கு 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கணக்குப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்பதை ஜூன் மாதமே பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு திருத்தக் கிளம்பினால் பெற்றோருக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகும்.

10. மதிப்பெண்ணும் பதிவும்

“இப்படி நடத்தினால் பாடம் முடியாது” என்று உடன் பணிபுரிவோர் சொல்வார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது, மறுத்துப் பேச வேண்டாம். பருவத்தின் இடையிலேயே மதிப்பெண் போடும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதிக்கு எப்படியும் ஏதாவது செய்ய வைத்தாக வேண்டும். கடையில் வாங்கிய தெர்மாகோல் மாதிரிக்குப் பதிலாக இந்தச் சோதனைப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள். கேள்வி, ஊகம், செய்தது, கிடைத்த எண்கள், அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என ஐந்து பகுதி, ஒரு பக்கம். ஊகம் தவறானதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், மூன்று முறை அளக்காததற்குக் குறையுங்கள். பாடக்குறிப்பிலும் அதே தேதியில் அதே கேள்வியை எழுதிவைத்தால் பார்வையிட வரும் அலுவலர் கேட்கும் எல்லாவற்றுக்கும் அந்த நோட்டே பதில்.

கடல்நீர் பட்ட பொருள்களை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். ஒயர் நுனியிலும் செல் முனையிலும் உப்பு ஒட்டியிருந்தால் காலாண்டு விடுமுறை முடிந்து வருவதற்குள் பச்சை பூத்துவிடும். செல்களைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டு, பைகளை எண்ணி, எட்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள்.